போர்கில் துவைத்துவிட்ட கோட்டு

ஓத்தர்வேர் தீவு,
மே 21, வியாழக்கிழமை.

என் நீர்க்காகமே,

கடிதம் என்றால் முதலில் எழுதுகிறவர் தன் சுகத்தைச் சொல்ல வேண்டும், அப்புறம் மற்றவர் சுகத்தைக் கேட்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் பள்ளி, ஒரு வாரம் வீடு என்று படித்தவள் நான். வீட்டில் இருந்த வாரங்களில் என்னவெல்லாம் நடத்தினார்களோ, நான் போன வாரத்தில் இதைத்தான் நடத்தினார்கள். ஆகவே, நான் சுகம். முழங்கால் மட்டும் படியிறங்கும்போது சத்தம் போடுகிறது. உன் சுகத்தைக் கேட்க வேண்டிய இடம் வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தென்மேற்குக் காற்று உன் பக்கம் அடிக்காது என்று குழி வெட்டிய தோர்லைப் சத்தியம் செய்திருக்கிறான். அதை நம்பி, நீயும் சுகம் என்று எழுதிக்கொள்கிறேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். முதலில் உட்கார். இல்லை, படுத்திருக்கிறாய், அதுவும் நல்லதுதான். உன் தங்கை போர்கில் உன் கோட்டைத் துவைத்துவிட்டாள்.

துவைத்தே விட்டாள். சோப்புப் போட்டு, வெந்நீரில் போட்டு, லாவெண்டர் தண்ணீரில் அலசி, பரணில் காயவைத்து, இஸ்திரியும் போட்டு, மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நாற்பத்தொரு வருஷம் நீ மழையில் நனைந்து வந்தபோதெல்லாம் கழற்ற மாட்டேன் என்று பாறைமேல் ஏறி, நீர்க்காகம் சிறகு உலர்த்துவது போல இரண்டு கையையும் விரித்து நின்றாயே, அந்தக் கோட்டு. அந்தப் பெயரை உனக்கு வாங்கிக் கொடுத்த கோட்டு.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் எனக்கு அர்த்தம் ஏறும், உனக்குத் தெரியும். அதனால் சமையலறைப் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கிற தூரத்தில் இந்த வருஷம் யாரும் இல்லை.

மார்ச் மாதம் எஸ்கில் என்று ஒரு பையன் படகில் வந்து இறங்கினான். மாவட்ட வளர்ச்சித் திட்டத்து அதிகாரியாம். முப்பது வயது இருக்கும், நல்ல மாதிரி, கூர்மையான செருப்பு. துறையில் இறங்கியதுமே பாசியில் வழுக்கி உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே எனக்கு வணக்கம் சொன்னான். உள்ளே கூட்டிவந்து காப்பி கொடுத்தேன். போர்கிலும் மோப்பம் பிடித்து வந்துவிட்டாள்.

"யோருன் அம்மா, ஆள் ஏறாத படகை வாரத்துல ஒரு நாளாக் குறைக்கப் போறாங்க. குறைக்காம இருக்கணும்னா ஜனங்க வரணும். ஜனங்க வர்றதுக்கு உங்ககிட்ட என்ன இல்ல? பண்பாடு இருக்கு, மரபு இருக்கு, இயற்கை இருக்கு. மூணையும் வெச்சு ஊருக்கே ஒரு பிழைப்பு உண்டாக்கிடலாம்."

"மூணும் இருக்கு தம்பி, பல்லுதான் இல்ல," என்றாள் போர்கில்.

எனக்கு இருந்தது ஒரே கவலை. வருஷா வருஷம் நம் கூடுகளில் முட்டையிட்டு மெல்லிறகை விட்டுப் போகிற கடல் வாத்துகள், உன் பறவைகள், வருமா? அதிலும் பாதிரியம்மா வருவாளா? இடது சிறகில் ஒற்றை வெள்ளை இறகோடு, கோயிலுக்குள் பாதிரியார் மனைவி நுழைவது போல யாரையும் பார்க்காமல் நடந்து வருவாளே, பதினாலு வருஷமாக வேறு எந்தக் கூட்டையும் திரும்பிப் பார்க்காமல் நம் சமையலறைப் படிக்கு அடியில்தானே முட்டையிட்டாள். அவள் வந்தால் இந்த வீட்டில் இருப்பது, வராவிட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு அக்கரையில் என் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று நவம்பரிலேயே மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். உன்னைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே.

கோட்டு இருந்தது என்கிற தைரியம்தான். ஈடர் வாத்துக்கு ஆளின் முகம் தெரியாது, கோட்டுத்தான் தெரியும் என்று நீ சொல்வாய். அது உன் அப்பாவின் கோட்டு. அவர் காலமான வருஷம் நீ எடுத்து மாட்டிக்கொண்டு கூடுகளுக்கு நடுவே நடந்தாய், ஒரு பறவைகூடத் தலையைத் திருப்பவில்லை, ஆள் மாறியதே அதுகளுக்குத் தெரியவில்லை என்று பெருமை பேசுவாய். அதை நம்பித்தான் நான் சாவு வீட்டில்கூட ரொம்ப அழவில்லை. ஆள் போனாலும் கோட்டு இருக்கிறதே என்று. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கதவை மூடும்போதெல்லாம் நீ உள்ளே வந்த வாசனை வரும். தார், செம்மறி, பைப்புப் புகையிலை, மீன், எல்லாவற்றுக்கும் அடியில் நீ. அந்தக் குளிர்காலத்தில் அந்தக் கதவை நான் எத்தனை தடவை காரணமில்லாமல் திறந்து மூடினேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

பனி விலகியதும் கூடுகளை எல்லாம் நானே தயார் செய்தேன். கவிழ்த்த படகுக்கு அடியில் ஏழு, கல் அடுக்கிய கூடு முப்பத்தாறு, நம் படிக்கு அடியில் ஒன்று. காய்ந்த கடற்பாசியைக் கையாலேயே உதிர்த்து மெத்தை போட்டேன். நீ போட்டது போல வரவில்லை. பார்த்தால் கோழி கிளறியது போல இருந்தது. இருந்தாலும் போட்டேன்.

ஏப்ரல் பாதியில், வருகிற பறவைகள் மிரளக் கூடாதென்று, ஊர் வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டது. நாய்களைப் படகேற்றி அக்கரைக்கு அனுப்பியாயிற்று. சுத்தியல் கூடாது, மோட்டார் கூடாது, கொடியில் துணி படபடக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து எஸ்கில் பதினெட்டு அறிவிப்புப் பலகையும் ஒரு பை ஆணியும் கொண்டுவந்து இறங்கினான். பலகையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'அமைதி காக்கவும்.' அதை அடித்து நிறுத்தச் சுத்தியலைத் தூக்கினான். தோர்லைப் எண்பத்தொரு வயதில் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் பலகைகளைக் கயிற்றால் கட்டினோம். அன்று மாலையே காற்றில் பதினெட்டும் லொடலொடவென்று ஆடி ஊரையே எழுப்பின. அவிழ்த்து வைத்தோம். இப்போது என் அடுப்படியில் விறகோடு கிடக்கின்றன.

மேலே சொன்ன போர்கில் சமாச்சாரம் இதற்கு மறுநாள். நான் பால் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவை மூடினால் ஒரு வாசனையும் இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் இஸ்திரி மடிப்போடு கொண்டுவந்து நீட்டுகிறாள், முகமெல்லாம் சிரிப்பு.

"நாப்பது வருஷமாக் கை பரபரன்னு இருந்துச்சு அண்ணி. அண்ணன் இருக்கற வரைக்கும் கிட்டவே விடல. வெளியூர்க்காரங்க வர்ற நேரம், அவர் கோட்டப் பாத்து ஒருத்தர் மூக்கைப் பொத்தினா எனக்குத் தாங்குமா? தண்ணி மூணு தடவ கருப்பா வந்துச்சு. நாலாவது தடவதான் தெளிஞ்சுது."

நான் கோட்டில் முகத்தை வைத்துப் பார்த்தேன். பாதிரியார் வீட்டு அலமாரி மாதிரி இருந்தது.

"ஏன்டி, ஊர்ல பொறந்து வளந்தவதானே நீ? ஏப்ரல்ல கோட்டத் துவைக்கலாமா?"

"கொடியில போடலியே அண்ணி, பரண்லதானே போட்டேன்!"

அவளை என்ன சொல்வது? கொடியில் போடக்கூடாது என்பது வரைக்கும் அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி, பறவைங்க," என்றாள். பறவைகள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஊரே கூடி உன் வாசனையைத் திரும்பச் செய்யப் பார்த்தது. ஊர் என்றால் பதினோரு பேர். ஒருவர் தார் கொண்டுவந்தார். தோர்லைப் தன் பைப்பைப் பற்றவைத்துக் கோட்டின் கைக்குள் ஊதினான், உன் புகையிலை அது இல்லை, அவனுடையது செர்ரி வாசனை. மீன் புகைபோடுகிற கொட்டகையில் ஒரு நாள் தொங்கவிட்டோம். எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வந்தது, அது நீயும் இல்லை, வேறு எந்த மனிதனும் இல்லை. "செம்மறிதான் குறையுது," என்றாள் போர்கில். குற்ற உணர்ச்சியில் அவளுக்கு மூளை ரொம்ப வேலை செய்தது. தோர்லைப்பின் கடாவுக்குக் கோட்டை மாட்டிவிட்டாள். முன்னங்கால் இரண்டும் கைக்குள், பொத்தான் எல்லாம் வயிற்றுக்கு அடியில். அது பகலில் அதோடு மேய்ந்தது. நான் காலையில் அதனிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு கரைக்குப் போவேன், வந்ததும் திருப்பிக் கொடுப்பேன். முறை வைத்து உடுத்தினோம்.

பறவைகள் வந்துவிட்டன. கரைக்கு அல்ல, கடலுக்கு. நடுப்பாறைக்கு அப்பால் நூற்றுக்கணக்கில் மிதந்துகொண்டு நம் பக்கமே பார்த்தன. நான் தினமும் உன்னைப் போலவே நடந்து பார்த்தேன். இடது காலை இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒவ்வொரு கூட்டிடமும் நின்று நின்று. படிக்குப் பக்கத்தில் நீ மண்டியிட்டுப் பாதிரியம்மாவிடம் எதையோ சொல்வாயே, அந்த இடத்திலும் மண்டியிட்டேன். முழங்கால் கத்தியது. என்ன சொல்வாய் என்று தெரியாததால் சும்மா எழுந்து வந்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடி வழியாக உன் உதடு அசைவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "பறவைகிட்டப் பேசறது பறவைக்கு," என்பாய்.

பதினேழாம் தேதி, தேசிய நாளன்று, எஸ்கில் இருபத்திரண்டு பேரை அழைத்து வந்தான். எல்லோரும் பண்டிகை உடுப்பில், மார்பில் வெள்ளி மின்ன. என்னையும் உடுத்தச் சொன்னான். அந்தச் சிவப்பு ரவிக்கையோடு வெளியே போனால் ஸ்வீடன் வரைக்கும் பறவை பறந்துவிடும் என்றேன். கடைசியில் உள்ளே பண்டிகை உடுப்பு என்று முடிவாயிற்று, மேலே கோட்டுக்குப் பதில் சாக்கு. கோட்டு கடாவின் முறை.

ஊர்வலம் போனோம். கொடிகளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நடந்து, தேசிய கீதத்தைக் கிசுகிசுப்பாகப் பாடி, ஹுர்ராவை மூச்சுக் காற்றாக விட்டு, வழக்கம்போல. தோர்லைப் எக்காளத்தை வாயில் வைக்காமல் கன்னத்தை மட்டும் உப்பிக் காட்டினான். பெர்கன் ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில், "எங்க ஊர்ல மூணு பேண்டு வாத்தியம் வாசிப்பாங்க. ஆனா இப்படி ஒரு பக்தி எங்கயும் பாத்ததில்ல," என்றாள். எஸ்கில் பூரித்துப்போய்விட்டான். படகுக் கொட்டகையில் வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கொடுத்தோம். இருபத்திரண்டு பேரும் மென்று சாப்பிடுகிற சத்தம்கூடக் கேட்காமல் சாப்பிட்டார்கள். அவ்வளவு நல்ல ஜனங்கள்.

அப்போதுதான் கடா வேலியைத் தாண்டியது.

உன் கோட்டோடு கரையோரமாக வந்தது. ஓடவில்லை, நடந்து வந்தது. போன வருஷம் அதற்கு இடது முன்னங்கால் சுளுக்கியது இல்லையா, காலை இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒவ்வொரு கூட்டின் வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, பாசியைக் கொஞ்சம் தின்று, அடுத்த கூட்டுக்குப் போனது. ஐவின், சத்தியமாகச் சொல்கிறேன், உன் நடை எனக்கு வரவில்லை, அந்தக் கடாவுக்கு வந்தது. கடலில் பறவைகள் எல்லாம் ஒன்றாகக் கழுத்தைத் தூக்கின. மெல்ல மெல்லக் கரையைப் பார்த்து நீந்த ஆரம்பித்தன. முன்னால் ஒன்று, இடது சிறகில் வெள்ளையோடு.

எஸ்கில் என் பக்கம் சாய்ந்து, "யோருன் அம்மா, இதுவும் மரபா?" என்று கேட்டான்.

"போன வாரத்துலேருந்து," என்றாள் போர்கில்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. இரண்டு மணி நேரம் அடக்கி வைத்த வாய்கள். இருபத்திரண்டு பேரும் நம் பதினோரு பேரும் சேர்ந்து கொட்டகை அதிரச் சிரித்தார்கள். தோர்லைப் சிரிப்பை அடக்க எக்காளத்தை வாயில் வைத்தான், அது ஊதிவிட்டது. கடல் முழுவதும் சிறகடித்து எழுந்து வடக்கே போயிற்று, ஒன்று மிச்சமில்லாமல்.

உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. நானும் சிரித்தேன். நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாக்குக்குள் வெள்ளி எல்லாம் குலுங்கக் குலுங்க. உன் பறவைகளை விரட்டிய சத்தத்தில் என் சத்தமும் இருந்தது.

எஸ்கில் நேற்று தொலைபேசியில் கூப்பிட்டான். கோட்டுப் போட்ட கடாவின் படம் எங்கெல்லாமோ போய்விட்டதாம். ஆகஸ்டு வரை படகில் இடம் கிடையாதாம், இனி வாரத்துக்கு மூன்று தடவை விடப் போகிறார்களாம். "ஊர் பிழைச்சுடுச்சு யோருன் அம்மா!" என்று கத்தினான். ஊர் பிழைக்கட்டும், நல்ல பையன். நான்தான் இங்கே இருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். நாலு நாளாகக் கடல் சும்மா கிடக்கிறது. படிக்கு அடியில் நான் போட்ட பாசி போட்டபடியே இருக்கிறது. கோட்டைக் கடாவுக்கே கொடுத்துவிட்டேன், அதற்குத்தான் பொருந்துகிறது. ஆணியையும் பிடுங்கிவிட்டேன், கதவை மூடினால் வெறும் கதவு. பெட்டி கட்டியாயிற்று. நாளைக் காலைப் படகில் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அவள் அனுப்பிய சிவப்புத் தலைக்குட்டையை இப்போதே கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி யாருக்குப் பயம்? சாவி போர்கிலிடம். உன் கல்லுக்குப் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்வதாக அவள் அழுதுகொண்டே சொன்னாள். துவைப்பதில் அவளுக்கு இருக்கிற ஆசைக்கு அந்தக் கல் பளபளவென்றுதான் இருக்கும்.

போகிற வழியில் இந்தக் கடிதத்தை உன் தலைமாட்டில் ஒரு கல்லை வைத்து அழுத்திவிட்டுப் போவேன். பக்கத்தில் படுத்திருக்கும் உன் அப்பாவுக்கு என் மரியாதை. அவர் கோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டால் நீயே பக்குவமாகச் சொல்லு. அங்கே மழை பெய்தால் கையை விரித்து நிற்காதே, சளி பிடிக்கும்.

இப்படிக்கு,
உன் யோருன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் இல்லை என்று வைத்துக்கொள். பெட்டியை அவிழ்க்க வேண்டும். ஆனால் எழுந்திருக்க முடியாது.

கையெழுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன், தப்பு இருக்கிறதா என்று. போர்கில் துவைத்த இடம் வந்ததும் எனக்குக் கோபம் வந்து, நீ செருப்போடு உள்ளே வரும்போது கத்துவேனே, அந்தக் குரலில் படித்திருக்கிறேன். ஏதோ ஈரமாகக் காலில் பட்டது. குனிந்து பார்த்தால் அவள். இடது சிறகில் வெள்ளை. கடலிலிருந்து எப்போது ஏறினாள், முற்றத்தை எப்படித் தாண்டினாள், நான் பார்க்கவில்லை. கோட்டு இல்லை, சாக்கு இல்லை, நீல ஏப்ரனும் அந்தச் சிவப்புத் தலைக்குட்டையுமாக உட்கார்ந்திருக்கிறேன். என் பாதத்தின் மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, யாரையும் பார்க்காமல் படிக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பாசியை மூக்கால் தள்ளிச் சரி செய்கிறாள், நான் போட்ட மெத்தை அவளுக்கும் பிடிக்கவில்லை. பாறைமேல் இன்னும் நாலைந்து தலைகள் தெரிகின்றன.

பதினாலு வருஷமாக அவள் தலைக்கு நேர் மேலே நின்றுதானே உன்னைத் திட்டியிருக்கிறேன். காலைத் துடை, காப்பி ஆறுது, எங்க போய்த் தொலைஞ்ச என்று. எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ.

இனி அவள் குஞ்சு பொரிக்கிற வரை, இருபத்தாறு நாள், இந்த வாசல் வழியாக ஒருவரும் நடக்கக் கூடாது. போர்கில் சாவியோடு வேலிக்கு அப்பால் நின்று என்ன என்ன என்று கையை ஆட்டுகிறாள். சனிக்கிழமை என் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருகிறவர்களை எஸ்கில் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இறக்க வேண்டும், அதுவும் மரபு என்று சொல்லிக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தையும் உன்னிடம் கொண்டுவந்து வைக்க முடியாது.

படியின் இடுக்கு வழியாக அவள் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எதற்கோ காத்திருக்கிறாள். "காப்பி ஆறுது," என்று சொல்லிப் பார்த்தேன். தலையைச் சாய்த்தாள், ஆனால் அது இல்லை போலிருக்கிறது. படியிலிருந்து மெல்லச் சரிந்து இப்போது மண்டியிட்டுத்தான் இருக்கிறேன், முழங்கால் வலி தெரியவில்லை. சொல்லு, என் நீர்க்காகமே, தினமும் காலையில் இந்த இடத்தில் குனிந்து அவளிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய்?